கையைப் பார்த்தே வளையல் அளவு சொல்கிற பெண்ணின் பயோடேட்டா

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். நாளைக்கு நாலைந்து பயோடேட்டா எப்படியும் கையில் வரும். ஆடி பிறந்துவிட்டால் பத்தைத் தாண்டும், ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்து தீபாவளி வரைக்கும் கடைகள் ஆள் எடுக்கிற காலம் அது. துணிக்கடை, செருப்புக்கடை, சூப்பர் மார்க்கெட், ஃபேன்சி ஸ்டோர் என்று எங்கேயாவது கண்ணாடியில் 'ஆட்கள் தேவை' ஒட்டினால் மறுநாள் காலை என் கடை வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தாளைத் திறக்காமலே என்னால் ஒப்பிக்க முடியும், அத்தனையும் ஒரே தாள், பெயர் மட்டும் வேறு.

அப்படி வந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு, என்ன இருந்தது, என்ன மாற்றினோம், அப்புறம் என்ன ஆனது என்று முழுசாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணா, பேரு மட்டும் வேணாம்" என்றாள். சரி, பெயர் இல்லை.

பத்தொன்பது வயது. அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம், காலை ஷிஃப்ட். வீடு கோணவட்டம். வீட்டில் உருது பேசுவார்கள். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா இல்லை, தம்பி பதினொன்றாவது படிக்கிறான். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பஸ்ஸுக்குச் செலவாவதில்லை, 2021-லிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, நோட்டுக்கும் போன் ரீசார்ஜுக்கும் போய்விடுகிறது. மாலையில் கடை வேலை கிடைத்தால் தேவலை என்று மூன்று வாரம் முன்னால் இருபது காப்பி எடுத்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறாள். ஒரு போன் கூட வரவில்லை. இன்னொரு இருபது காப்பி எடுக்கத்தான் என்னிடம் வந்தாள்.

இருபது காப்பி போட்டுக் கொடுத்திருந்தால் எனக்கு லாபம். ஆனால் அன்றைக்கு மழை, கடையில் வேறு ஆளில்லை, சும்மா இருக்கிற வாய் கேட்குமா.

வந்த தாள்

மேலே பெரிய எழுத்தில் 'ரெஸ்யூம்'. அதன் கீழே, 'டு அப்டெய்ன் எ சேலஞ்சிங் பொசிஷன் இன் எ ரெப்யூட்டட் ஆர்கனைசேஷன்'. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். சிரித்தாள். தோழி கொடுத்த தாள், தோழிக்கு அவள் அண்ணன் கொடுத்தது, அந்த அண்ணன் இன்ஜினியரிங் படித்தவன். அதனால்தான் 'கம்ப்யூட்டர் அறிவு' என்ற இடத்தில் சி, சி பிளஸ் பிளஸ் என்று புரோகிராம் எழுதுகிற மொழிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தது. பி.காம். படிக்கிற பெண், ஃபேன்சி ஸ்டோர் வேலைக்கு.

அப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் கட்டம் போட்டு. பொழுதுபோக்கு: புத்தகம் படித்தல், பாட்டு கேட்டல். கடைசியாக என்ன புத்தகம் படித்தாய் என்றதற்கு பதில் இல்லை. அப்பா பெயர், மதம், சாதி, ரத்த வகை, திருமண நிலை. இந்த வரிசை கல்யாண பயோடேட்டாவிலிருந்துதான் இங்கே ஏறியிருக்க வேண்டும், உயரமும் ராசியும் மட்டும்தான் பாக்கி.

அடுத்தது ஆதார் எண், பன்னிரண்டு இலக்கமும் முழுசாக, கதவு எண்ணோடு வீட்டு விலாசம். இதைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோபம் வந்துவிடும். இருபது கடையில் கொடுத்த தாள் இருபது டிராயரில் கிடக்கும், அங்கிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஒருமுறை பஜ்ஜி வாங்கின தாளைப் பிரித்தால் யாரோ ஒரு பெண்ணின் பயோடேட்டா, போட்டோவும் போன் நம்பரும் எண்ணெய்க் கறையோடு. வேலையில் சேர்ந்த பிறகு அடையாளச் சான்று கேட்டால் கொடுக்கலாம், அதையும் ஆதார் இணையதளத்தில் முதல் எட்டு இலக்கம் மறைத்து இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. விண்ணப்பத் தாளில் அந்த எண்ணுக்கு வேலையே கிடையாது.

மொழிகள்: தமிழ், ஆங்கிலம். முன் அனுபவம்: இல்லை.

இந்த இரண்டு வரியில்தான் எல்லாமே தப்பு. மற்றதெல்லாம் அடைசல், எடுத்துப் போட்டால் தீர்ந்தது.

கேட்டதும் கிடைத்ததும்

மொழியிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டில் உருதுதானே, அதை ஏன் போடவில்லை? "அது வீட்டுல பேசுறதுதானேண்ணா, எழுதப் படிக்கத் தெரியாது." இந்தி? "டிவி பாத்து வரும். அதுவும் எழுத வராது."

வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டு எல்லாம் இந்தியிலும் வங்காளத்திலும் இருக்கும். நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள் சோப்பு, சீப்பு, பக்கெட், குழந்தைக்குச் சட்டை, ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெண்களுக்கு வளையல், பொட்டு எல்லாம் இங்கேதான் வாங்குகிறார்கள். அந்தத் தெருக் கடைக்காரருக்கு இந்தி பேசுகிற ஆள் என்றால் வியாபாரம். இவளோ அந்த மொழியை வெட்கப்பட்டு மறைத்துவைத்திருக்கிறாள். தக்கனி உருது, அதாவது பேச்சில் இந்திக்கு நெருக்கமான நம்ம பக்கத்து உருது, பேசுகிற பிள்ளைக்கு இந்தியில் பேரம் பேச எவ்வளவு நேரம் பிடிக்கும்? எழுதத் தெரியாது என்பதையும் சேர்த்தே போடலாமே. கவுன்டரில் யாரும் கட்டுரை எழுதச் சொல்லப் போவதில்லை.

அனுபவம் இல்லை என்றாளே, அதைத் தோண்டத்தான் நேரம் பிடித்தது. "வேலை எதுவும் செய்ததே இல்லையா?" என்றால் இல்லை என்றுதான் வருகிறது. கேள்வியை மாற்றினேன். லீவில் என்ன செய்வாய்? "சும்மாதான் இருப்பேன்." ரம்ஜான் மாசம்? "அப்ப மட்டும் சச்சா (சித்தப்பா) கூட வளையல் கடையில நிப்பேன், பஜார்ல போடுவாங்கல்ல, ரெண்டு வருஷமா." ராத்திரி எத்தனை மணி வரை? "கூட்டத்தைப் பொறுத்துண்ணா. பெருநாளுக்கு மொத நாள் ஒரு மணி கூட ஆகும்."

இது வேலை இல்லையாம், ஏனென்றால் கடை சச்சாவுடையது, சம்பளம் என்று எண்ணிக் கொடுக்கவில்லை, பெருநாளைக்குத் துணி எடுத்துக்கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்தார். அவர் போன பிறகு இவள் பேச்சுவாக்கில், "அந்த அம்மா 2.6 போட்டிருக்காங்க, ரொம்ப இறுக்கம், 2.8 போடணும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினாள். வளையல் அளவில் 2.4 என்றால் இரண்டரைக்குக் கொஞ்சம் கம்மி என்று நாம் நினைப்போம், அது தசமக் கணக்கே இல்லை. இரண்டு அங்குலமும், ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பங்கு போட்டதில் நாலு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம். 2.8 என்றால்தான் இரண்டரை அங்குலம். அளவு பார்க்க மணிக்கட்டைப் பார்க்கக் கூடாதாம், கட்டைவிரலை உள்ளே மடக்கினால் கை எந்த இடத்தில் அகலமாக இருக்கிறதோ அதைப் பார்க்கணுமாம். கண்ணாடி வளையல் அந்த இடத்தைத் தாண்டித்தானே போகணும், தாண்டலைன்னா உடையும், உடைஞ்சா கடைக்கு நஷ்டம், கையும் கிழியும்.

நாற்பத்தாறு வயசில், கல்யாணமாகி இருபது வருஷத்தில், வளையல் அளவுக்கு இந்தக் கணக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இதைச் சொன்ன பெண்ணின் தாளில் 'முன் அனுபவம்: இல்லை'.

பீடிக் கணக்கு அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் சுற்றுகிறார்கள். ஏஜென்ட் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி. சரியில்லாத பீடியைக் கழித்துவிடுவார், இலை குறைந்தால் அதையும் பிடிப்பார். நாலு பேருக்கும் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு திருப்பிக் கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்று வாராவாரம் நோட்டில் எழுதுவது இவள்தான், மூன்று வருடமாக. ஏஜென்ட் கணக்கும் நோட்டுக் கணக்கும் இடித்தால் போய்ப் பேசுவதும் இவள்தான்.

இதைப் போடலாம் என்றேன். முகம் மாறியது. "பீடின்னு போட்டா என்ன நினைப்பாங்கண்ணா?" நான் வற்புறுத்தவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தாள். "அம்மி (அம்மா) போடச் சொல்லிட்டாங்க. அந்தக் காசுலதான் நீ படிக்கிறன்னு சொன்னாங்க."

எழுதினது

முதலில் நான் எழுதின வரியைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கொஞ்சம் அசடு வழியட்டும். 'பீடித் தொழிலில் கணக்கு மேலாண்மை மற்றும் இருப்புக் கட்டுப்பாட்டில் மூன்றாண்டு அனுபவம்.' டைப் அடித்துவிட்டு சத்தமாகப் படித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சேலஞ்சிங் பொசிஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே இன்னொரு சேலஞ்சிங் பொசிஷனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அழித்துவிட்டு அவள் சொன்ன மாதிரியே அடித்தேன். தாள் கடைசியில் இப்படி நின்றது, ஒரே பக்கம், அதிலும் கீழே கால் பக்கம் காலி:

மாலை நேர வேலைக்கு விண்ணப்பம். பி.காம். இரண்டாம் ஆண்டு.

வரக்கூடிய நேரம்: திங்கள் முதல் சனி வரை மாலை 3 முதல் 8 வரை. ஞாயிறு முழு நாள். செமஸ்டர் தேர்வுக்கு 10 நாள் விடுப்பு வேண்டும், தேதியை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவேன்.

வீடு: கோணவட்டம். டவுன் பஸ்ஸில் வருவேன்.

மொழி: தமிழ், உருது, இந்தி நன்றாகப் பேசுவேன். உருது, இந்தி எழுதத் தெரியாது. ஆங்கிலம் படிப்பேன், ஓரளவு பேசுவேன்.

செய்த வேலை: இரண்டு வருடமாக ரம்ஜான் மாதத்தில் உறவினரின் வளையல் கடையில் விற்பனை. கையைப் பார்த்தே அளவு சொல்வேன். பணம் வாங்குவது, சில்லறை கொடுப்பது, யு.பி.ஐ. பணம் வந்ததா என்று பார்ப்பது, இரவு கணக்கு முடிப்பது என் பொறுப்பு.

வீட்டில் பீடி சுற்றும் 4 பேருக்கு மூன்று வருடமாக இலை, தூள், கூலிக் கணக்கு எழுதுகிறேன். நோட்டு இருக்கிறது, காட்ட முடியும்.

கம்ப்யூட்டர்: டேலியில் பில் போடத் தெரியும். நான் முதல்வன் திட்டத்தில் ஒரு பாடம் முடித்த சான்றிதழ் இருக்கிறது.

நேரத்தை ஏன் மேலே வைத்தேன் என்றால், கடை சூப்பர்வைசர்கள் என்னிடம் ஜெராக்ஸுக்கு வருகிறவர்கள்தான், அவர்கள் பேசுவது காதில் விழும். எத்தனை மணிக்கு வருவ, எது வரைக்கும் இருப்ப, எங்கிருந்து வர, எத்தனை மாசம் நிப்ப, இதுதான் அவர்கள் முதலில் கேட்பது. மதிப்பெண்ணை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 8 மணி என்று தெளிவாகப் போட்டதிலும் காரணம் உண்டு. கடைகளை 24 மணி நேரமும் திறக்க 2022-இல் அரசு அனுமதி நீட்டித்தபோது, பெண்களை 8 மணிக்கு மேல் வைத்துக்கொள்ள எழுத்து மூலமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. தாளில் சட்டம் பேச வேண்டாம், மணியைப் போட்டால் போதும்.

போன் நம்பர் ஒரு தனிக்கதை. பழைய தாளில் இருந்தது அம்மாவின் நம்பர். அவர் தெரியாத நம்பர் என்றால் எடுக்க மாட்டார், எடுத்தாலும் பேசாமல் வைத்துவிடுவார். போனை வாங்கிவரச் சொல்லிப் பார்த்தோம், தாள் கொடுத்த அதே வாரத்தில் இரண்டு உள்ளூர் நம்பரிலிருந்து தவறிய அழைப்பு. கடையா, லோன் விற்கிறவர்களா, இனி யாருக்குத் தெரியும். இவள் நம்பரைப் போடச் சொன்னால், பத்துக் கடையில் ஒரு பெண்ணின் நம்பர் கிடக்க வேண்டுமா என்ற பயம், அந்தப் பயம் நியாயமானதும்கூட. கடைசியில் தம்பி நம்பர். கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிவைத்து, 'மாலை 4 மணிக்கு மேல் அழைக்கவும்' என்று பக்கத்தில் போட்டோம்.

போட்டோ செல்ஃபியை வெட்டினது, மூக்கு வழுவழுவென்று இருந்தது. எடுத்துவிட்டோம். கேட்டால் தரலாம்.

இருபது காப்பிக்குப் பதில் ஆறு. இரண்டு ஆங்கிலத்தில், நாலு தமிழில்.

நடந்தது

ஆங்கிலத் தாள் இரண்டும் பெரிய ஷோரூம்களுக்கு. இரண்டு இடத்திலும் வாசலில் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டார், இன்று வரை பதிலில்லை. தமிழில் ஒன்றைத் துணிக்கடையில் படித்துப் பார்த்துவிட்டு முழு நேரத்துக்குத்தான் ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காலை ஷிஃப்ட் மட்டும் காலி. இந்த இரண்டு 'இல்லை'யும் எனக்கு நல்லதாகத்தான் பட்டது, நின்ற இடத்திலேயே பதில் கிடைத்துவிட்டது, மூன்று வாரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இன்னொரு கடையில் முதலாளி ஊரில் இல்லை.

ஆறாவது, காந்தி ரோட்டை ஒட்டின சந்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். கடைக்காரம்மா தாளை நின்றுகொண்டே படித்தார். வளையல் வரி வந்ததும் தாளை வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். இவள் சொன்ன பதிலை எனக்கு அப்படியே சொல்லிக்காட்டினாள்: "ஆன்ட்டி, விரலை மடக்குங்க... 2.8. இப்ப 2.6 மெட்டல் போட்டிருக்கீங்க, சோப்பு போட்டு ஏத்தியிருப்பீங்க."

சோப்பு போட்டுத்தான் ஏற்றியிருக்கிறார்.

அப்புறம் ஒரு கணக்கு. பில் 387, வாடிக்கையாளர் 500 தருகிறார், கல்லாவில் ஒத்த ரூபாய்ச் சில்லறை இல்லை, என்ன செய்வ? ரெண்டு ரூபாய் இருக்கான்னு கேட்டு வாங்கிட்டு 115 தருவேன் என்றிருக்கிறாள். மூன்று நாள் வந்து பார் என்று சொல்லி, இரண்டாம் நாளே நிரந்தரம் என்றார்கள்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். சம்பளத் தேதி எது, வார லீவு எது, கல்லாவில் குறைந்தால் யார் தலையில் விழும், உட்கார ஸ்டூல் இருக்கிறதா. கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம். கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள், அதற்கு முன் பத்து மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றே கால் வீங்கினவர்கள் எத்தனையோ பேர். இந்தக் கடையில் ஸ்டூல் இருந்தது. சம்பளம் எவ்வளவு என்பதையும் எழுத வேண்டாம் என்றாள்.

எல்லாம் சரியாகப் போனது என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு முந்தின பத்து நாள், இரவு 10 வரை இருக்க முடியுமா என்று கேட்டார்கள். தாளில் 8 என்று இருந்ததால் இவளுக்கு வாய் திறந்து பேச ஒரு பிடி கிடைத்தது. 9 வரை, தம்பி வந்து கூட்டிப்போவான் என்று முடிந்தது. ரம்ஜானை நான் யோசிக்கவே இல்லை, அது என் பிழை. வளையலுக்கு உச்ச வியாபாரம் அந்த மாதம்தான், கடைக்கும் ஆள் வேண்டும், சச்சாவுக்கும் ஆள் வேண்டும், இவளுக்கு நோன்பு திறக்க நேரமும் வேண்டும். அனுபவம் என்று ரம்ஜான் கடையைப் போட்டவன், அந்த மாதத்தில் இவள் எங்கே நிற்பாள் என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டாமா? அதை அவளே கடைக்காரம்மாவிடம் பேசி, நோன்பு திறக்க அரை மணி நேரமும் கடைசி வாரம் லீவும் வாங்கிக்கொண்டாள். சச்சாவுக்கு அந்த ஒரு வாரம்தான் கிடைத்தது, அவருக்கு என் மேல் வருத்தம்.

இன்னொன்று, இந்தி வரும் என்று போட்டோமே, முதல் நாள் வந்த முதல் வாடிக்கையாளர் வங்காளத்துப் பாட்டி, அவருக்கு இந்தியும் வராது. விரலைக் காட்டித்தான் வியாபாரம். இப்போது ஏக், துய், தின், சார், பாஞ்ச் என்று எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அடுத்த தாளில் சேர்க்கலாமா என்று கேட்டாள். நூறு வரைக்கும் வரட்டும், சேர்க்கலாம் என்றேன்.

போன மாதம் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பின தாளைத் திறந்தேன். அதே தாள். பெயர் மட்டும் வேறு. 'உருது, இந்தி நன்றாகப் பேசுவேன்', 'கையைப் பார்த்தே அளவு சொல்வேன்', எல்லாம் அப்படியே.

கையை நீட்டினேன். "இதுக்கு என்னம்மா சைஸ்?"

கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணா, அது அவ போட்டது. அதுல போட்டாதான் வேலை கிடைக்கும்னாங்க."

"சரி, உக்காரு. உங்க வீட்டுல என்ன வேலை?"

"அப்பா நேதாஜி மார்க்கெட்டுக்கு முள்ளு கத்திரிக்கா போடுறாருண்ணா. விடிகாலையில நான்தான் மூட்டைக்கு எடை எழுதுவேன். அதெல்லாம் இதுல போடக் கூடாதுல்ல?"